ரீயூனியன் தீவில் ஒரு நாள்: அம்மாவோடு எந்த மலைக்குப் போகலாம்?

வணக்கம். மும்பை மாதுங்காவிலிருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் அம்மாவோடு, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியன் போகிறோம். மலை பார்க்க ஒரே நாள்தான். சிலாவோஸ் என்ற மலை ஊருக்குப் போக எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அந்தச் சாலையில் சுமார் 400 வளைவுகள். கண்டாலா மலைப்பாதையிலேயே அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவே மாட்டார்.

இன்னொரு வழி, மைதோ என்ற மலைமுகடு. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் நின்று, கார் போகாத மஃபாத் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். வெயில் ஏறினால் மேகம் மூடிவிடும், அதனால் விடியும்போதே அங்கே இருக்க வேண்டும். போனவர்கள் சொல்லுங்கள், அந்த ஏற்றத்தை அம்மா தாங்குவாரா?

அப்புறம், அன்றே சேந்த் ஆந்த்ரே ஊர்த் தமிழ்க் கோயிலுக்கும் போய்விட முடியுமா? கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய நம்மவர்களின் வாரிசுகள் கும்பிடும் இடம் என்று தெரிந்ததிலிருந்து அம்மா அதையேதான் கேட்கிறார்.