கில்வாவைக் கட்டியது யார், அரபிகளா ஆப்பிரிக்கர்களா?

மஞ்சப்பை: நேற்று தான்சானியாவின் கில்வா கிசிவானி தீவு பற்றி ஒரு காணொளி பார்த்தேன். கல் மசூதி, அரண்மனை இடிபாடு, சுல்தான் பெயர் பொறித்த செப்புக் காசு, எல்லாம் பிரமாதம். கடைசியில் 'ஆப்பிரிக்கர் கட்டிய நகரம்' என்று முடித்துவிட்டார்கள். ஏன் இந்தப் பூசி மெழுகல்? 16ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த கில்வா வரலாற்றிலேயே, பாரசீகத்து ஷிராஸிலிருந்து கப்பலில் வந்த அலி பின் அல் ஹசன் தீவையே துணி கொடுத்து வாங்கினார் என்று இருக்கிறது. தீவைச் சுற்றி வளைக்கிற அளவுக்குத் துணியாம். வந்தவர்கள் கட்டினார்கள், உள்ளூர்க்காரர்கள் கல் சுமந்தார்கள், அவ்வளவுதான்.

உப்புக்காற்று: அலி வந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் அந்த வரலாறு எழுதப்பட்ட காலத்துக்கும் நடுவில் நானூறு, ஐநூறு வருடம் இருக்கிறது நண்பரே. ஆள்கிற குடும்பம் தன் வம்சத்தை எங்கோ தூரத்தில் கொண்டுபோய் முடிச்சுப் போடுவது நமக்குத் தெரியாததா? நம் ஊர் அரசர்கள் சூரியன் வரைக்கும் போனவர்கள். மண்ணுக்குள் என்ன கிடைத்தது என்று பாருங்கள். கென்யாவின் பாத்தே தீவில் ஷாங்கா என்று ஓர் இடம். 1980களில் தொல்லியலாளர் மார்க் ஹார்ட்டன் அங்கே தோண்டியபோது கல் மசூதிக்குக் கீழே இன்னொரு மசூதி, அதற்கும் கீழே இன்னொன்று என்று போய், அடியில் மரக்கம்பு நட்ட குட்டி மசூதி. 8ஆம் நூற்றாண்டின் கடைசி. சுற்றிலும் கிடைத்த பானை ஓடுகளில் பெரும்பகுதி உள்ளூர்ச் சரக்கு. மீனவக் கிராமமாக இருந்து கல் ஊராக வளர்ந்த இடம் அது, யாரோ கப்பலில் கொண்டுவந்து இறக்கிய நகரம் இல்லை.

மஞ்சப்பை: சரி, மொழிக்கு என்ன சொல்வீர்கள்? அந்தக் கடற்கரைக்காரர்கள் பேசும் சுவாஹிலி என்ற மொழியின் பெயரே கடற்கரை என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பாதி அகராதி அரபு.

தார்_கணக்கன்: பாதி எல்லாம் இல்லை சார். நான் தார் எஸ் சலாமில் நான்கு வருடம் கணக்கெழுதிப் பிழைத்தவன், அந்த மொழியில் திட்டு வாங்கியவன். ஒன்று முதல் பத்து வரை எண்களில் ஆறு, ஏழு, ஒன்பது மூன்றும் அரபு: சீத்தா, சபா, தீசா. மோஜா, ம்பிலி, தாத்து என்று தொடங்கும் மற்றவை பாண்டு என்ற ஆப்பிரிக்க மொழிக் குடும்பத்துச் சொற்கள். இதைவிட வேடிக்கை, புத்தகத்துக்கு அவர்கள் சொல்வது கிதாபு, அரபுச் சொல்லேதான். ஆனால் பல புத்தகம் என்றால் விதாபு! பாண்டு மொழிகளில் ஒருமை பன்மை சொல்லின் முன்னால் மாறும், அதனால் அரபுக்காரனின் 'கி'யைத் தங்கள் ஒருமை முன்னொட்டு என்று எடுத்துக்கொண்டு 'வி' ஆக்கிவிட்டார்கள். நாமும்தான் வசூல், பாக்கி, தாசில்தார் என்கிறோம், அதற்காகத் தமிழ் அரபு மொழி ஆகிவிட்டதா?

வேர்ச்சொல்: அப்படியே போடுங்கள்! ஷிராஸ் கதை முழுக்கக் கட்டுக்கதை. பாரசீகனும் வரவில்லை, ஒருவனும் வரவில்லை. வெள்ளைக்காரன் தன் வசதிக்குப் பிடித்துத் தொங்கிய கதை அது.

உப்புக்காற்று: @வேர்ச்சொல் என் பக்கம் நின்றுகொண்டு என்னையே கவிழ்க்காதீர்கள். 2023இல் நேச்சர் இதழில் மரபணு ஆய்வு வந்தது, அந்தக் கடற்கரையின் பழைய கல்லறைகளிலிருந்து 80 பேரின் எலும்பு. பலருக்குத் தாய்வழி ஆப்பிரிக்கா, தந்தைவழியில் பெரிய பங்கு பாரசீகம், கூடவே கொஞ்சம் இந்தியக் கலப்பும். இந்தக் கலப்பு கி.பி. 1000 வாக்கிலேயே தொடங்கிவிட்டது. வியாபாரிகள் வந்தார்கள், உள்ளூர்ப் பெண்களைக் கட்டினார்கள், பிள்ளைகள் அம்மா மொழி பேசினார்கள். 1331இல் கில்வா போன மொராக்கோப் பயணி இபின் பதூதாவும் ஊரில் பெரும்பாலோர் முகத்தில் கீறல் வடு போட்ட கறுப்பர்கள் என்றுதான் எழுதுகிறார்.

மஞ்சப்பை: ஆக, பாரசீகர் வந்தது உண்மை. இதைத்தானே முதலில் சொன்னேன்?

தார்_கணக்கன்: வந்ததைச் சொன்னீர்கள் சரி, கல் சுமந்ததையும் சேர்த்துச் சொன்னீர்களே, அது தப்பு. கில்வா மசூதிச் சுவரில் கை வைத்துப் பார்த்திருக்கிறேன், பவளத்தின் பொடிப் பொடித் துளை விரலில் நெருடும். நுண் வேலைக்கான பவளத்தைக் கடலுக்குள்ளிருந்து ஈரமாக வெட்டி எடுக்கவேண்டும், அப்போதுதான் செதுக்க வரும், காற்றுப்பட்டால் இறுகிவிடும். சுண்ணாம்பும் பவளத்தைச் சுட்டதுதான். கூரைக்கு பொரித்தி எனப்படும் கண்டல் மரக் கம்பு, அது எட்டுகிற நீளத்துக்கு மேல் அறை அகலம் போகாது, அதனால் வீடெல்லாம் குறுகலும் நீளமுமாக இருக்கும். ஷிராஸ் கடலிலிருந்து எத்தனை தூரம்! அங்கிருந்து வந்தவனா கடலுக்குள் மூழ்கிப் பவளம் அறுக்கச் சொல்லிக்கொடுத்தான்?

மஞ்சப்பை: ஷாங்காவை ஒப்புக்கொள்கிறேன், கல் சுமந்தவர்கள் என்றதையும் வாபஸ் வாங்குகிறேன். ஆனால் கில்வாவின் ஹுசுனி குப்வா மாளிகை? நூற்றுக்கும் மேல் அறை, எட்டு மூலைக் குளம். அந்தக் கடற்கரையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று இல்லையே. அது எங்கிருந்து வந்தது?

உப்புக்காற்று: ஹஜ் போகும் வழியில் ஏடனில் தங்கிப் படித்துவிட்டு வந்த சுல்தான் கட்டியது. வெளியே பார்த்ததை ஊரில் செய்துபார்க்க ஆசைப்பட்டிருக்கிறார், தெற்கே சோஃபாலா துறைமுகம் வழியாக வந்த தங்கத்தின் காசு கையில் இருந்தது. ஆனால் ஒன்று, அந்த மாளிகையைக் கடைசி வரைக்கும் கட்டி முடிக்கவே இல்லை.