முத்திரை, எக்காளம், கோபகலசம்: ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவையா, ஒரே காலத்தைத் திரும்பத் திரும்பச் சொல்பவையா?

தேடல்_மதுரை எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் வாலிபர் கூட்டத்தில் வேதத்தின் கடைசிப் புஸ்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை அதிகாரம் அதிகாரமாக வாசித்து வருகிறோம். பாடம் எடுக்கிற அண்ணன் போர்டில் நீளமாக ஒரு கோடு போட்டு, தேவனுடைய தண்டனைகளாக வருகிறவற்றில் முதலில் ஏழு முத்திரை, அப்புறம் ஏழு எக்காளம், அப்புறம் ஏழு கோபகலசம், எல்லாம் உலக முடிவுக்கு முன் வரும் ஏழு வருஷ உபத்திரவ காலத்துக்குள் வரிசையாக நடக்கும் என்று சொல்லிக்கொடுத்தார். கேட்கும்போது தெளிவாகத்தான் இருந்தது. வீட்டில் திரும்ப வாசித்தபோதுதான் இடிக்கிறது.

ஆறாம் முத்திரையில் சூரியன் கறுத்துப்போகிறது, நட்சத்திரங்கள் அத்திக்காய் உதிர்வதுபோல் விழுகின்றன, வானமே சுருட்டின புஸ்தகம்போல் விலகிப்போகிறது (6:12-14). இதற்கெல்லாம் பிறகு வருவதாகச் சொல்லப்படும் நாலாம் எக்காளத்தில் சூரியன், சந்திரன், நட்சத்திரங்களில் மூன்றில் ஒரு பங்குதான் இருளடைகிறது (8:12). வானம் போனபிறகு இருளடைய நட்சத்திரம் ஏது? ஏழாம் எக்காளத்தில் மரித்தோர் நியாயத்தீர்ப்படையும் காலம் வந்தாயிற்று என்று மூப்பர்கள் சொல்கிறார்கள் (11:18). அடுத்த அதிகாரத்தைத் திருப்பினால் ஒரு ஸ்திரீ ஆண்பிள்ளையைப் பெறுகிறாள். அது இயேசுதான் என்றால் கதை முதலாம் நூற்றாண்டுக்குப் போய்விட்டதே! வாக்குவாதத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரிந்துகொள்ள வேண்டும்.

பத்மு_வாசி எழுதியது:

நீங்கள் பிடித்திருப்பது சரியான இடம். இதே இடத்தில் நின்று யோசித்தவர் விக்டோரினஸ், இன்றைய ஸ்லோவேனியாவில் இருக்கும் ஒரு ஊரின் கண்காணி (பிஷப்), ரோமப் பேரரசன் தியோக்கிளேசியன் ஆட்சியின் உபத்திரவத்தில் இரத்தசாட்சியாக மரித்தவர். லத்தீனில் இந்தப் புஸ்தகத்துக்கு இன்று நம் கையில் இருக்கிற உரைகளில் அவருடையதுதான் மிகப் பழையது. பரிசுத்த ஆவியானவர் கடைசிக்காலம் வரைக்கும் சொல்லிக்கொண்டே போய், மறுபடியும் அதே காலத்துக்குத் திரும்பி, சொல்லாமல் விட்டதை நிரப்புகிறார், ஆகவே இதில் வரிசையைத் தேடாதீர்கள், பொருளைத் தேடுங்கள் என்பது அவர் கருத்து. எக்காளத்தில் சொன்னதையே கலசங்களில் இன்னும் நிறைவாகச் சொல்கிறார் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இது வேதத்துக்குப் புதிதான முறையும் இல்லை. பார்வோன் ஏழு பசுக்களைக் கண்டான், அப்புறம் ஏழு கதிர்களைக் கண்டான். கொழுத்தவை ஏழும் ஏழும் பதினாலு வருஷம் என்று யோசேப்பு கூட்டவில்லை. சொப்பனம் ஒன்றுதான், காரியம் தேவனால் நிச்சயிக்கப்பட்டிருப்பதால் இரண்டு தரம் காட்டப்பட்டது என்றான் (ஆதியாகமம் 41:25-32). தானியேல் 2இல் சிலையாக வந்த நாலு ராஜ்யங்கள் 7இல் மிருகங்களாக வருகின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள்: பெல்ஷாத்சார் கொல்லப்படுவது 5ஆம் அதிகாரத்தில், ஆனால் 7ஆம் அதிகாரம் அவனுடைய முதலாம் வருஷத்தில் கண்ட தரிசனம், 8ஆம் அதிகாரம் மூன்றாம் வருஷத்தில். தானியேல் புஸ்தகமே தேதி வரிசையில் இல்லாதபோது, அதை வரிக்கு வரி எதிரொலித்து வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதின யோவானிடம் நேர்கோட்டை எதிர்பார்ப்பது ஏன்?

அந்த ஏழு வருஷத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு வருஷம் என்ற கணக்கு எந்த இடத்திலும் இல்லை. நாற்பத்திரண்டு மாதம் இருக்கிறது, 1260 நாள் இருக்கிறது, காலம் காலங்கள் அரைக்காலம் இருக்கிறது, எல்லாமே மூன்றரை வருஷம். ஏழு வருவது தானியேல் 9இன் எழுபதாவது வாரத்திலிருந்து; அங்கே ஒரு வாரம் என்பதை ஏழு வருஷம் என்று எடுக்கிறார்கள். அந்த ஒரு வாரத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் கடைசிக்காலத்துக்குத் தள்ளிவைக்கிற விளக்கத்தை 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் பரப்பினார், 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்ட் குறிப்புப் பைபிள் அதை வீடு வீடாகக் கொண்டுபோனது. உங்கள் அண்ணன் போட்ட கோடு அந்த வழியாக வந்தது. அது தவறு என்று முடிவுகட்ட நான் வரவில்லை, ஆனால் அது வாசகத்தில் எழுதியிருப்பதல்ல, ஒரு விளக்கம் என்பதை வாலிபர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

ஒலிவமரம் எழுதியது:

பிரதர், நீங்கள் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வரிசையே இல்லை என்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ஏழாம் முத்திரை உடைந்ததும் என்ன நடக்கிறது? அரைமணி நேரம் அமைதல், உடனே ஏழு தூதருக்கு எக்காளங்கள் கொடுக்கப்படுகின்றன (8:1-2). ஏழாம் முத்திரைக்கென்று தனியாக ஒரு வாதை இல்லை, அதற்குள்ளிருந்துதான் எக்காளங்கள் புறப்படுகின்றன. கலசங்களைக் கடைசியான ஏழு வாதைகள் என்றும், அவற்றால் தேவனுடைய கோபம் முடிகிறது என்றும் 15:1 சொல்கிறது. முன்னால் ஒன்று நடந்திருந்தால்தானே கடைசி என்ற பேச்சு வரும்? அளவும் கூடுகிறது. நாலாம் முத்திரையில் பூமியில் நாலில் ஒரு பங்கு, எக்காளங்களில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டாம் எக்காளத்தில் சமுத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு இரத்தமாகிறது, இரண்டாம் கலசத்தில் சமுத்திரம் முழுவதும். எகிப்தின் வாதைகளும் ஒன்றன்பின் ஒன்றாக, கடுமை ஏறி ஏறித்தான் வந்தன.

முதல் எக்காளத்தில் பசும்புல் எல்லாம் எரிந்துபோய், ஐந்தாம் எக்காளத்தில் புல்லைச் சேதப்படுத்தாதே என்று வெட்டுக்கிளிகளுக்குக் கட்டளை வருகிறது (8:7, 9:4), அதனால் வரிசை உடைகிறது என்பார்கள். புல் மறுபடி முளைக்கும், அதைப் பெரிய ஆதாரமாக நான் எடுக்கமாட்டேன்.

பத்மு_வாசி எழுதியது:

புல் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். 15:1 பலமான வசனம்தான், அதைத் தட்டிக்கழிக்கவும் மாட்டேன். ஆனால் இதை வைத்துப் பாருங்கள். 4:5இல் சிங்காசனத்திலிருந்து மின்னல்களும் இடிமுழக்கங்களும் சத்தங்களும். 8:5இல் அதே மூன்றோடு பூமியதிர்ச்சி சேர்கிறது. 11:19இல், ஏழாம் எக்காளத்தின் முடிவில், பெருங்கல்மழையும் சேர்கிறது. 16:18-21இல், ஏழாம் கலசத்தில், மனுஷர் உண்டான நாள்முதல் இல்லாத அதிர்ச்சி, தாலந்து நிறையான கல்மழை. ஒவ்வொரு சுற்றும் அதே முடிவைத்தான் தொடுகிறது, ஆனால் ஒவ்வொரு தரமும் இன்னும் கிட்டத்திலிருந்து. ஆறாம் முத்திரையில் இடம்பெயர்ந்த மலைகளும் தீவுகளும் ஏழாம் கலசத்தில் காணாமலே போகின்றன. நீங்கள் சொல்லும் ஏற்றமும் இதில் இருக்கிறது, நான் சொல்லும் திரும்புதலும் இருக்கிறது. யோவான் பார்த்த வரிசை வேறு, அவை நடக்கும் வரிசை வேறு. இவைகளுக்குப்பின்பு கண்டேன் என்று அவர் திரும்பத் திரும்ப எழுதுவது, கண்ட வரிசையைத்தான்.

தேடல்_மதுரை எழுதியது:

அப்படியானால் 20ஆம் அதிகாரத்தில் கிறிஸ்து அரசாளுவதாகச் சொல்லும் ஆயிரம் வருஷம்? 19இல் குதிரைமேல் வருகிறவர் வந்த பிறகு அது நடக்கிறதா, அதுவும் பின்னால் திரும்பிப் போகிறதா? அடுத்த வாரப் பாடம் அங்கேதான் வருகிறது.

மாதா_கோயில்_தெரு எழுதியது:

நான் கத்தோலிக்கன், நாங்கள் இதைத் திருவெளிப்பாடு என்போம், அதனால் என் வார்த்தைகள் கொஞ்சம் மாறி வரலாம். புனித அகுஸ்தினார் 'கடவுளின் நகரம்' 20ஆம் புத்தகத்தில் அந்த ஆயிரம் ஆண்டுகளைத் திருச்சபையின் காலமாகவே எடுத்தார், அதாவது கிறிஸ்துவின் முதல் வருகையில் தொடங்குவது. எங்கள் வழக்கில் நிலைத்தது அதுதான். அதற்குச் சாதகமான சான்றும் வாசகத்தில் இருக்கிறது: 19:17இல் பறவைகளை விருந்துக்கு அழைப்பது எசேக்கியேல் 39, 20:8இல் இறைமக்கள்மேல் படையெடுக்கும் பகைவராக வரும் கோகு, மாகோகு அதே எசேக்கியேல் 38-39. ஒரே போரை இரண்டு முறை காட்டுகிறார் என்று வாசிக்க நல்ல இடமுண்டு.

ஆனால் எதிர்ப்பக்கத்துக்கும் எசேக்கியேலிலேயே சான்று இருக்கிறது. அங்கே 37இல் உலர்ந்த எலும்புகள் உயிர்பெறுகின்றன, 38-39இல் கோகு வருகிறான், 40 முதல் புதிய கோவில். திருவெளிப்பாட்டிலும் 20:4இல் உயிர்த்தெழுதல், 20:8இல் கோகு, 21இல் புதிய எருசலேம். வரிசை அப்படியே பொருந்துகிறது. ஆகவே முத்திரைகளுக்குச் சொன்ன விடையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. மேலே சொன்ன விக்டோரினசே எக்காளங்களும் கலசங்களும் திரும்பச் சொல்பவை என்றவர், ஆனால் ஆயிரமாண்டு அரசை வரப்போகும் ஒன்றாக நம்பினார். பிற்பாடு லத்தீன் விவிலியத்தை மொழிபெயர்த்த எரோனிமுஸ் (ஜெரோம்) அந்த உரையைத் திருத்தி வெளியிட்டபோது அந்த முடிவுப் பகுதியை மாற்றிவிட்டார்.

அடுத்த வாரம் போர்டில் கோடு போடுவதற்கு முன்னால் எசேக்கியேல் 37 முதல் 39 வரை எல்லாரையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் 19:17-21, அதன்பின் 20:7-10. இது ஒரு போரா இரண்டு போரா என்று அவர்களிடமே கேளுங்கள், அண்ணனும் மறுக்கமாட்டார்.