டுகாட்டோ மோட்டார்ஹோம்: வீட்டில் செய்த முட்டு கொடுத்தும் இடது பின்பக்கம் இறங்குது

திரெட்ராடு:
ஃபியட் டுகாட்டோ வேனின் அடிச்சட்டம் (சேஸிஸ்), மொத்த எடை 3,500 கிலோ. வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி) 4,035 மி.மீ., பின் சக்கரங்களுக்கு இடையே 1,980 மி.மீ. குளிர்காலம் முழுக்க ஜல்லியும் புல்லுமான தரையில் நிற்கும். உள்ளே நடந்தால் ஆடுது என்பதால், பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒரு முட்டு வைத்தேன். ஒரு துண்டுப் பைப், அதற்குள் இறங்கும் எம்20 (20 மி.மீ. விட்டம்) திரெட் ராடு, பைப் வாயில் உட்கார ஒரே ஒரு நட், இரண்டு முனையிலும் 100×100×6 மி.மீ. தகடு. சாயங்காலம் ரசமட்டத்தில் குமிழ் நடுவில் நிற்குது, காலையில் இடது பின்பக்கம் 2 செ.மீ. இறங்கியிருக்கு. நடந்தால் 'டொக்'குன்னு சத்தம். இடது ராடு லேசா வளைஞ்சும் போச்சு. எம்24 போட்டால் சரியாகுமா?

கமான்பட்டை:
ராடு தடிமனை அப்புறம் பார்க்கலாம். முதலில் எது இறங்குதுன்னு தெரியணும். இடது பின்பக்கம் மூணு அளவு எடுங்க: தரை–அச்சு, அச்சு–சேஸிஸ், தரை–சேஸிஸ். சாயங்காலம் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை. தரை அளவை டயர் பக்கத்து மண்ணிலிருந்து எடுக்காதீங்க. அந்த மண்ணும் சேர்ந்துதான் இறங்கும். டயரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி ஒரு முளை அடிச்சு, அதன் தலையிலிருந்து அளங்க. தண்ணீர்த் தொட்டியும் கழிவுத் தொட்டியும் ரெண்டு தடவையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். 100 லிட்டர்னா 100 கிலோ, ஒரு பக்கமா இருந்தால் அதுவே வண்டியைச் சாய்க்கும்.

திரெட்ராடு:
எடுத்தாச்சு. தரை–அச்சு 17 மி.மீ. குறைஞ்சிருக்கு, அச்சு–சேஸிஸ் 3 மி.மீ. தொட்டியில் மாற்றம் இல்லை.

கமான்பட்டை:
அப்போ முக்கால்வாசிக்கு மேல் குற்றம் தரையோடது. அச்சுக்கு மேலே என்ன முட்டு வைத்தாலும் ஸ்பிரிங்தான் அசையாது. டயர் புதைவதையும் டயர் ரப்பரின் நெளிவையும் அது தடுக்காது.

பின் டயர் ஒவ்வொன்றிலும் சுமார் 900 கிலோ வரும்னு வைங்க. 5.5 பார் காற்றில் டயர் தரையைத் தொடுவது ஏறக்குறைய 160 சதுர செ.மீ.தான். மழை ஊறின மண் அதைத் தாங்காது. 40×40 செ.மீ. பலகை வைத்தால் 1,600 சதுர செ.மீ., அழுத்தம் பத்தில் ஒரு பங்கு. 18 மி.மீ. பிளைவுட் இரண்டு, இழை குறுக்கும் நெடுக்குமா வைத்து ஒட்டுங்க. ஒற்றைப் பலகை நடுவில் குழிந்து ஓரம் தூக்கிக்கும், அப்புறம் அகலம் இருந்தும் பிரயோசனமில்லை. ஷட்டரிங் பிளைவுட்னா வழவழப்பு, மேலே ரப்பர் பாய் திருகிடுங்க. பலகைக்குக் கீழே புல்லைச் செதுக்கி 10 செ.மீ. ஜல்லி கொட்டி இடிச்சு வைத்தால் இன்னும் நல்லது.

அந்த 3 மி.மீ. நட் கழன்றதால் இருக்கும். வண்டி ஆட ஆட ஒற்றை நட் தானா சுத்தும். இரண்டாவது நட் போட்டு எதிரெதிரா இறுக்குங்க.

பட்டறைக்கை:
ராடு வளைந்ததுக்குக் காரணம் பலக்குறைவு இல்லை. 900 கிலோவை நேராக நிற்கும் எம்20 சும்மா தாங்கும். பின் ஸ்பிரிங்கான கமான் பட்டை அழுந்தும்போது அச்சு நேரா மேலே ஏறாது, பட்டை சேஸிஸில் மாட்டியிருக்கும் முன் கண்ணைச் சுற்றி வளைவா பின்னால் போகும். உங்க தகடு வெல்டிங்கில் விறைப்பா நிற்குது, அதனால் பாரம் தகட்டின் ஒரு ஓரத்தில் விழுந்து ராடை வளைக்குது. 'டொக்' சத்தமும் அந்த ஓரம் தூக்கி விழுறதுதான். எம்24 போட்டால் அதுவும் மெதுவா வளையும்.

திருகையே விட்டுடுங்க. பம்ப் ஸ்டாப் ரப்பர் (அச்சு சேஸிஸில் இடிக்காமல் தடுப்பது) பக்கத்தில் அச்சுக்கும் சேஸிஸுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அதைவிட 5 மி.மீ. உயரமா பீச் (beech) மரக் கட்டை அறுங்க. இழை செங்குத்தா நிற்கணும். படுக்கையா வைத்தால் மரம் நசுங்கும், பிளக்கும். கட்டையின் அடியில் அச்சின் வடிவத்துக்குக் குடைவு எடுத்தால் நழுவாது. பிரேக் பைப்பும் ஏபிஎஸ் ஒயரும் அந்த இடத்தில்தான் போகும், கட்டை அவற்றைக் கடிக்கக் கூடாது. முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, முதல் கியரில் போட்டு, கையேட்டில் சொன்ன இடத்தில் ஜாக்கி வைத்து, ஸ்டாண்டும் கொடுத்த பிறகு கையை உள்ளே விடுங்க.

ரசமட்டம்:
எனக்கு அச்சு முட்டே பிடிக்காது. பலகை போட்டு டயரை மட்டமாக்கி, பின் ஷேக்கிளுக்கு (கமான் பட்டையின் பின் முனையைச் சேஸிஸில் தொங்கவிடும் இணைப்பு) சற்றுப் பின்னால் சேஸிஸ் பட்டையிலிருந்து தரைக்கு இரண்டு கத்தரி ஜாக்கி கொடுத்தால் ஸ்பிரிங், டயர் இரண்டின் ஆட்டமும் நிற்கும். அதன் அடியிலும் 30×30 செ.மீ. பலகை வேணும். சேஸிஸ் 10 மி.மீ. எழும்பினதும் நிறுத்துங்க. டுகாட்டோ ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில், அதைத் தரையிலிருந்து தூக்கிட்டால் வண்டியைப் பிடிக்க முதல் கியரும் கட்டையும்தான். வண்டியின் கடைசி மூலையில் ஜாக்கி வைத்து ஏற்றாதீங்க, பின் நீட்டிப்பு முறுக்கிக்கும், கதவு உராயும்.

மட்டம் பார்க்க முதலில் இடம்–வலம், பிறகு முன்–பின். உங்க வண்டிக்கு ஒரு டிகிரி என்பது குறுக்கே 35 மி.மீ., நெடுக்கே 70 மி.மீ. உங்க 2 செ.மீ. 0.6 டிகிரிதான், கேஸ் ஃபிரிட்ஜ் கவலைப்படாது. ஆனா 3 டிகிரி தாண்டினால் உள்ளே அம்மோனியாக் கரைசல் தானா வழிந்து திரும்பாமல் தேங்கும், கொதிகலன் காய்ந்து ஃபிரிட்ஜே போயிடும்.

திரெட்ராடு:
பலகை + மரக் கட்டை போடப் போறேன். இரண்டும் இருக்க ஜாக்கியும் தேவையா?

பட்டறைக்கை:
முதலில் பலகை மட்டும் போட்டு இரண்டு இரவு அதே மூணு அளவு எடுங்க. பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துடும். பிறகு கட்டை. மிச்சம் இருக்கும் டயர் நெளிவு தொந்தரவா இருந்தால் மட்டும் ஜாக்கி. உறைபனி உருகும் வாரத்தில் திரும்ப அளங்க, ஜல்லிக்கு அடியில் மண் அப்போதான் கூழாகும்.

ஒன்று விட்டுப்போச்சு: கட்டை உள்ளே இருக்கும்போது வண்டியை நகர்த்தினால் ஒவ்வொரு குழியும் நேரா சேஸிஸில் அடிக்கும். கிளம்பும்போது மறக்காமல் இருக்க, சிவப்புத் துணியில் கட்டையைக் கட்டி, மறுமுனையை ஸ்டியரிங்கில் முடிச்சுப் போடுங்க.