தலைவாசலுக்கு மேல் அலங்கார கேனோபி: 3 அடி நீட்டினால் சுவர் தாங்குமா?

கிழக்குவாசல்:
வீடு புதுச்சேரியில், கடற்கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். கிழக்கு பார்த்த வாசல். எலிவேஷன் (வீட்டு முன்பக்கத் தோற்றம்) சமமா இருக்கணும்னு தலைவாசலுக்கு மேல சன்ஷேட் போடலை. ஐப்பசி, கார்த்திகை மழை நேரா தேக்குக் கதவுல அடிச்சு, கீழ்ப்பக்கம் ஊதி நிலையில உரசுது. 5 அடி அகலம், 3 அடி நீட்டம், ரெண்டு பக்கமும் பூவேலை வெட்டின தகடு, மேல பிரவுன் பாலிகார்பனேட் ஷீட்னு ஒரு கேனோபி (வாசலுக்கு மேல நீட்டுற சின்னக் கூரை) யோசிக்கிறோம். சுவர் 9 அங்குலச் செங்கல். நாலு ஆங்கர் போல்ட் போதும்னு வெல்டர் சொல்றார். சரியா? எந்த ஷீட் வாங்கணும்?

தூக்குக்குண்டு:
நாலு போல்ட்டா எட்டான்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, போல்ட் எதுல இறங்குதுன்னு பாருங்க. கேனோபியோட எடை சுமார் 30 கிலோதான் இருக்கும். ஆபத்து கீழேயிருந்து தூக்குற காத்துல இருக்கு. ஐ.எஸ். 875 மூன்றாம் பாகத்துல (கட்டடத்து மேல வர்ற காத்துச் சுமைக்கான இந்தியத் தரவிதி) புதுச்சேரிக்கு அடிப்படைக் காத்து வேகம் நொடிக்கு 50 மீட்டர். அழுத்தம் 0.6 × 50 × 50, அதாவது சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன், சுமார் 150 கிலோ. உங்க கேனோபி சுமார் 1.4 சதுர மீட்டர். எளிமையா கணக்குப் போட்டாலே 200 கிலோ மேல்நோக்கித் தூக்கும். எடையைக் கழிச்சு, மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 10 அங்குல இடைவெளி வெச்சா, ரெண்டு பக்கமும் சுவர்ல பிடிக்கிற பிராக்கெட் ஒவ்வொண்ணுலயும் கீழ் போல்ட்டை 150 கிலோவுக்கு மேல வெளியே இழுக்கும். மேல் போல்ட்டை மட்டும் பெருசாப் போட்டுட்டுக் கீழே சின்னதாப் போடறது வழக்கமா நடக்கிற தப்பு. புயல்ல முதல்ல பிடுங்கிக்கிறது கீழ் போல்ட்தான்.

விரியுற ஆங்கர் போல்ட்டைச் செங்கல்ல முறுக்கினா செங்கல் பிளக்கும். பூச்சு 15 மில்லிமீட்டர் எதையும் தாங்காது, அதை ஆழக் கணக்குல சேர்க்காதீங்க. உங்களுக்கு நான் சொல்றது: கீழ் போல்ட் லிண்டல் (வாசலுக்கு மேல குறுக்கே போகிற விட்டம்) கான்கிரீட்டுக்குள்ள, மேல் போல்ட் சுவரை ஊடுருவி. லிண்டல் 6 அங்குல உயரம்தான், அதனால நடுவுல துளை போடுங்க. கம்பி தட்டினா ஒரு அங்குலம் தள்ளிப் போடுங்க. லிண்டல் நிலைக்கு ரெண்டு பக்கமும் எவ்வளவு தூரம் போகுதுன்னு முதல்லயே தெரிஞ்சுக்கணும், பிராக்கெட் அதைத் தாண்டக் கூடாது. மேலே 12 மில்லிமீட்டர், 300 மில்லிமீட்டர் நீள மரைக்கம்பியைச் சுவர் வழியா விட்டு, உள்பக்கம் 75 × 75 × 6 மில்லிமீட்டர் தகடு வெச்சு நட் போடுங்க. உள்ளே தகடு தெரியக் கூடாதுன்னா கெமிக்கல் ஆங்கர், அதாவது துளைக்குள்ள பசை விட்டுக் கம்பியை ஒட்டுறது. துளையை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதணும். தூசி ஒட்டியிருந்தா பசை தூசியைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது.

மேலேயிருந்து கம்பிவடம் கட்டித் தொங்கவிட்டா அழகாத் தெரியும். ஆனா காத்து தூக்கும்போது வடம் தளர்ந்துடும், ஒண்ணும் பிடிக்காது. வடத்துக்குப் பதிலா பைப்தான் வேணும்.

இரும்புப்பட்டறை:
தூக்குக்குண்டு சார் சொன்னதோட ஷீட் விஷயம். 3 மில்லிமீட்டர் கெட்டி ஷீட் வாங்குங்க; குழல் வெச்ச ஷீட்ல உள்ளே பாசி பிடிக்கும். பாலிகார்பனேட் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.065 மில்லிமீட்டர் நீளும். 1.5 மீட்டர் ஷீட், 40 டிகிரி வித்தியாசம்னா 4 மில்லிமீட்டர். ஸ்க்ரூவைவிட 3, 4 மில்லிமீட்டர் பெரிய துளை, ஈபிடிஎம் (வெயில் தாங்குற ரப்பர்) வாஷர், வாஷர் பிதுங்காத அளவுக்கு முறுக்கு. இறுக்கிப் பிடிச்சா வெயில்ல படபடன்னு சத்தம் வரும், அப்புறம் ஸ்க்ரூவைச் சுத்தி விரிசல். யூவி பூச்சு (வெயிலோட புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது) இருக்கிற பக்கம் மேலே வரணும். எந்தப் பக்கம்னு ஒட்டியிருக்கிற பிலிம்ல எழுதியிருக்கும். அதைக் குறிச்சு வெச்சுட்டு, வேலை முடிஞ்ச அன்னைக்கே பிலிமை உரிங்க. வெயில்ல விட்டா ஒட்டிக்கும்.

சிலிக்கான் நியூட்ரல் வகையா இருக்கணும். வினிகர் வாடை வர்ற வகை பாலிகார்பனேட்ல விரிசல் விடும். கடைக்காரர் எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லுவார், டியூபைப் படிச்சுப் பார்த்து வாங்குங்க.

பிரேம் 40 × 40, 2 மில்லிமீட்டர். கடல் பக்கத்துல சாதா இரும்புக்கு ரெட் ஆக்சைடு மட்டும் அடிக்காதீங்க. வெல்டிங், துளை எல்லாம் முடிச்சு ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுக்கிறது) பண்ணி, அதுக்குரிய பிரைமர் அடிச்சுப் பெயின்ட். போல்ட், ஸ்க்ரூ 316 எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு).

கிழக்குவாசல்:
நன்றிங்க சார். சாய்வு எவ்வளவு? சுவரோட சேர்ற இடத்துல சிமென்ட் பூசிடலாமா?

தூக்குக்குண்டு:
அடிக்கு ஒரு அங்குலம், மொத்தம் 3 அங்குலம் வெளிப்பக்கம் இறக்கம். சிமென்ட் வேண்டாங்க, ஷீட் நீண்டு சுருங்கும்போது பிளந்து, தண்ணி சுவரோட இறங்கி நிலைக்குள்ளேயே போகும். கேனோபிக்கு மேல பூச்சுல 10 மில்லிமீட்டர் காடி வெட்டி, அலுமினியப் பிளாஷிங்கோட (இடுக்கை மூடுற மடிச்ச தகடு) மேல் விளிம்பை அதுக்குள்ள சொருகி, காடியை மட்டும் சீலன்ட்டால அடைங்க. கீழ் விளிம்பு ஷீட் மேல 4 அங்குலம் சும்மா படிஞ்சு இருக்கட்டும்.

இரும்புப்பட்டறை:
வெளிப்பக்கம் திறக்கிற கிரில் கதவு இருந்தா, பிராக்கெட் அளவு எடுக்கும்போது அதை முழுசாத் திறந்து வெச்சு அளங்க. கிரில் உச்சிக்கும் பிராக்கெட் அடிக்கும் நாலு அங்குலமாவது விடுங்க, மாவிலைத் தோரணம் கட்டவும் இடம் இருக்கும்.