ஸ்லீவா, பைபாஸா? நெஞ்செரிச்சல் இருப்பவர் எதைப் பார்த்து முடிவு செய்வது?

இரவுப்பணி:

வயது 41. உயரம் 164 செ.மீ., எடை 118 கிலோ, பி.எம்.ஐ. கிட்டத்தட்ட 44. சர்க்கரை வந்து ஆறு வருடம் ஆகிறது. மெட்ஃபார்மினோடு இன்னொரு மாத்திரையும் போடுகிறேன். போன மாதம் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 8.1.

எடைக்குறைப்பு அறுவை என்று முடிவாகிவிட்டது, அதில் குழப்பம் இல்லை. எந்த அறுவை என்பதில்தான் குழப்பம். முதலில் பார்த்த மருத்துவர் ஸ்லீவ் போதும் என்கிறார், அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது. குடலைத் தொடமாட்டார்களாம், ஒரு மணி நேர வேலையாம், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடலாமாம். அடுத்து காட்டியவர் பைபாஸ்தான் சரி என்கிறார், அதாவது இரைப்பையின் மேல்பகுதியைக் குட்டிப் பையாகப் பிரித்துக் குடலோடு இணைப்பது. இருவருமே அனுபவசாலிகள்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. எனக்கு இரவு வேலை. விடியற்காலை மூன்று மணிக்குச் சாப்பிட்டு, ஏழு மணிக்குப் படுப்பேன். படுத்ததும் நெஞ்சு எரியும். வாரத்தில் நான்கு நாளாவது பான்டோபிரசோல் (அமிலம் குறைக்கும் மாத்திரை) வேண்டும். இதைச் சொன்னதற்கு முதல் மருத்துவர், "எடை குறைந்தால் அதுவும் போய்விடும்" என்று சொல்லிவிட்டுத் தேதி குறிக்கப் போய்விட்டார். உண்மையிலேயே போய்விடுமா? செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்.

பழையசட்டை:

அதே வாக்கியம்தான் எனக்கும் சொல்லப்பட்டது. போகவில்லை.

ஏழு வருடம் முன்பு ஸ்லீவ் செய்துகொண்டேன். அப்போது 126 கிலோ. வயிற்றில் ஐந்து சின்னத் துளைகள். ஆனால் கண் விழித்ததும் வலித்தது வலது தோள்பட்டை. கட்டிலில் ஏற்றும்போது இடித்துவிட்டார்களோ என்று நினைத்தேன். லேப்ராஸ்கோபிக்காக வயிற்றை ஊதவைக்கும் கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்தினால், அந்த வலி தோளில்தான் தெரியுமாம். மறுநாள் நடக்க நடக்கக் குறைந்தது. ஒன்றரை வருடத்தில் 79 கிலோ. பழைய சட்டைகளை எல்லாம் கொடுத்துவிட்டேன், ஒன்றைத் தவிர. அதுதான் இந்தப் பெயர்.

மூன்றாம் வருடம் ஆரம்பித்தது. படுத்தால் தொண்டை வரை புளிப்பு ஏறும். இருமி எழுவேன். தலையணை இரண்டாயிற்று, மூன்றாயிற்று, கடைசியில் நாற்காலியிலேயே தூங்கினேன். மாத்திரை ஒரு வேளை, அப்புறம் இரு வேளை. எண்டோஸ்கோபி பார்த்ததில் உணவுக்குழாயின் அடியில் புண். கடைசியில் ஐந்தாம் வருடம் ஸ்லீவைப் பைபாஸாக மாற்றினார்கள். இரண்டாவது மயக்க மருந்து, இரண்டாவது முறை வீட்டில் எல்லோருக்கும் பயம்.

இது ஏன் என்று அந்த இரண்டாவது அறுவை நிபுணர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரைப்பை ஒரு பை. சாப்பிடச் சாப்பிட விரிந்துகொடுக்கும். ஸ்லீவில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு ஒரு குழாயை மிச்சம் வைக்கிறார்கள். குழாய் விரிந்துகொடுக்காது. உள்ளே ஏறும் அழுத்தம் மேல்பக்கமாகத்தான் வழி தேடும். அதோடு, உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் இயற்கையாக உள்ள தடுப்பும் பலவீனப்படலாம்.

என் கதை ஒன்றுதான், அதை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். பின்லாந்தில் 240 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் பிரித்து 10 வருடம் பின்தொடர்ந்தார்கள். ஸ்லீவ்பாஸ் ஆய்வு என்று பெயர். பத்தாண்டு முடிவு 2022-இல் வந்தது. அதிகப்படி எடையில் ஸ்லீவில் 43.5 சதவீதமும் பைபாஸில் 50.7 சதவீதமும் குறைந்திருந்தன. வித்தியாசம் இருக்கிறது, மலைக்கும் மடுவுக்குமானது இல்லை. ஆனால் எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம், பைபாஸில் 7. உங்கள் கேள்விக்கான எண் இதுதான். அறுவைக்கு முன் என்னிடம் யாரும் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொன்று. ஸ்லீவைச் 'சின்ன ஆபரேஷன்' என்று எல்லோரும் சொல்வார்கள். வெட்டிய இரைப்பையை வெளியே எடுத்துவிடுகிறார்கள், அது திரும்பி வராது. பைபாஸில் மீதி இரைப்பை உள்ளேயேதான் இருக்கிறது. எது சின்னது?

பச்சைஅங்கி:

அறுவை அரங்கில் செவிலியராகப் பதினாலு வருடம். மருத்துவர் இல்லை, அதனால் எதைச் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லமாட்டேன். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

முதலில் கல்லீரல். அறுவைக்கு முன் இரண்டு வாரம் மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடச் சொல்வது தண்டனை இல்லை. கொழுப்பேறிய கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேல்பகுதியை மூடிக்கொண்டு கிடக்கும். அது சுருங்கினால்தான் தூக்கிப் பிடிக்க முடியும். அந்த உணவுமுறையை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் யார், ஏமாற்றியவர் யார் என்று கேமராவை நுழைத்த முதல் நிமிடத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும்!

ஸ்லீவில் வாய் வழியாக ஒரு அளவுக் குழாயை விட்டு, அதை ஒட்டி ஸ்டேப்ளர் போட்டுக்கொண்டே மேலே போவார்கள். குழாயின் தடிமன் பெரும்பாலும் 12, 13 மி.மீ. நடுவில் இரைப்பை வளையும் இடத்தில் இறுக்கிப் போட்டுவிட்டால் பிறகு வாந்தி, அடைப்பு. கசிவு வந்தால் பெரும்பாலும் தையல் கோட்டின் உச்சியில், உணவுக்குழாய்க்குப் பக்கத்தில். ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு நேர்வது. ஆனால் வந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். நான் முதலில் பார்ப்பது நாடித்துடிப்பை. காய்ச்சல் பிறகு வரும், வயிறு மெத்தென்றுகூட இருக்கும். துடிப்பு 120-க்கு மேலேயே நின்றால் உடனே சொல்லிவிடுவேன். வீட்டுக்குப் போன பிறகும் முதல் இரண்டு வாரம் இதைக் கவனியுங்கள்.

பைபாஸில் ஏறக்குறைய 30 மி.லி. கொள்ளும் குட்டிப் பை, இரண்டு இணைப்புகள். குடலை இடம் மாற்றி வைப்பதால் உள்ளே இரண்டு இடைவெளிகள் உண்டாகும். உடல் மெலிய மெலிய அங்கிருந்த கொழுப்பும் கரைந்து இடைவெளி பெரிதாகும். வருடங்கள் கழித்துக் குடல் அதில் நுழைந்து முறுக்கிக்கொள்ளலாம். விட்டுவிட்டு வரும் சுருட்டு வலி, சில சமயம் ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. இடைவெளிகளைத் தைத்து மூடினால் இது குறைகிறது என்று ஸ்வீடனில் 2,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. ஆகவே, "அந்த இடைவெளிகளை மூடுவீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

மூட்டுவலி:

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு ஆள் வேண்டும் இல்லையா. ஒன்பது வருடமாக ஸ்லீவோடு இருக்கிறேன், ஒரு நாள்கூட நெஞ்செரிச்சல் வந்ததில்லை. 104 கிலோவாக இருந்தேன், இப்போது 74.

நான் ஸ்லீவ் எடுத்ததற்குக் காரணம் முடக்குவாதம். வலி மாத்திரை இல்லாமல் ஓட்ட முடியாது. பைபாஸ் செய்தவர்கள் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகைகளைத் தொடக்கூடாது, இணைப்பில் புண் வந்துவிடும். புகை பிடித்தாலும் அதேதான். அதனால் ஸ்லீவ் மட்டம், பைபாஸ் உசத்தி என்று ஆக்கிவிடாதீர்கள். எனக்குத் தொல்லை மூட்டில், பழையசட்டைக்குத் தொண்டையில்.

இரவுப்பணி:

மிக்க நன்றி. புகை கிடையாது, வலி மாத்திரையும் கிடையாது. சர்க்கரைக்கு எது நல்லது? பைபாஸ் செய்தால் சத்து மாத்திரை ஆயுள் முழுக்க என்கிறார்களே?

பழையசட்டை:

சர்க்கரை இரண்டிலுமே இறங்கும். பின்லாந்து ஆய்வில் பத்தாம் வருடம் சர்க்கரை நோய் விலகியிருந்தவர்கள் ஸ்லீவில் 26 சதவீதம், பைபாஸில் 33. பெரிய வித்தியாசம் என்று அவர்களே சொல்லவில்லை. எடை இறங்குவதற்கு முன்பே, முதல் சில நாட்களிலேயே சர்க்கரை குறைய ஆரம்பிக்கும்; எந்த மாத்திரையை எப்போது குறைப்பது என்று எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

சத்து மாத்திரை இரண்டுக்கும் ஆயுள் முழுக்கத்தான், பைபாஸுக்குக் கண்டிப்பு அதிகம். நான் ஸ்லீவ்தானே என்று இரண்டாம் வருடம் பி12-ஐ விட்டுவிட்டேன். பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. புதுச் செருப்பு என்று நினைத்து இரண்டு செருப்பு மாற்றினேன். அப்புறம் ஊசி போட்டுச் சரியானது. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி. நான்காம் மாதம் முடி கொத்தாகக் கொட்டும், வந்துவிடும். வேகமாக மெலிந்தால் பித்தப்பையில் கல் சேரலாம். அதற்கும் முதல் ஆறு மாதம் மாத்திரை தருவதுண்டு, கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் பிறகு. முதலில் எண்டோஸ்கோபி.

இரவுப்பணி:

இரண்டாவது மருத்துவரிடமே பேசினேன். வியாழக்கிழமை எண்டோஸ்கோபி. அதுவரை அறுவைத் தேதியைத் தள்ளிவைத்துவிட்டேன். முதல் மருத்துவமனையிலிருந்து இரண்டு முறை போன் வந்தது.

பச்சைஅங்கி:

நல்லது. பான்டோபிரசோலை நிறுத்திவிட்டு வர வேண்டுமா, எத்தனை நாள் முன்பிருந்து என்று இன்றே கேட்டுவிடுங்கள். மாத்திரை போட்டுக்கொண்டே போனால் புண் ஆறிப்போய்க் கண்ணுக்குப் படாமல் இருக்கலாம். இரைப்பை உதரவிதானத்தைத் தாண்டி மேலே ஏறியிருக்கிறதா, எத்தனை செ.மீ. என்பதையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.