பழைய வேன் வாங்கப் போய் மாட்டிக்கொண்ட கதை, தப்பித்த கதை: உங்களுடையதையும் சொல்லுங்கள்

பவானிக்காரன்:
வண்டி வாங்கி மூன்று வருடம் ஆகிறது, அந்தச் சிமெண்ட் தரை மட்டும் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. 2006 ஆம்னி, எட்டு சீட், வெள்ளை. 1,10,000 சொன்னார், 95-க்கு முடித்தேன். மாமனாருக்குக் கல்யாண சமையல் வேலை, பாத்திரம் ஏற்ற ஒரு வண்டி வேண்டும், அவ்வளவுதான். காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்று முதல் நாளே போனில் சொல்லித் தொலைத்தேன். போனால் வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. "உங்களுக்காகத்தானுங்க சூடு பண்ணி வெச்சிருக்கேன்" என்று சிரித்தார். வாசல் முழுக்கப் புழுதி, வேப்பஞ்சருகு. வண்டி நின்ற இடத்தில் மட்டும் தரை பளிச்சென்று ஈரமாக இருந்தது, சோப்புத்தூள் வாசம்கூட வந்தது. நான் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு, மனுசர் சுத்தக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர் கொடுத்த டீயைக் குடித்தேன்.

பத்தாவது நாள் ஒரு சமையலுக்காகத் திம்பம் ஏறினோம். இருபத்தேழு வளைவில் எட்டாவதைத் தாண்டவில்லை, உட்கார்ந்திருந்த சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி. ஆம்னிக்கு இன்ஜின் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இன்ஜினுக்குத் தண்ணி தள்ளுகிற வாட்டர் பாடி ரொம்ப நாளாக ஒழுகியிருக்கிறது, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஆயில் சீலும் கசிவு. கழுவினது எதை என்று அப்போதுதான் புரிந்தது. ஹெட் ஃபேசிங், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 18,000. மாமனார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரோட்டோரம் இறங்கி நின்று அண்டா குண்டாவை எண்ண ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

நாலாவது கியர்:
அடுத்து வருகிறவர்கள் எல்லாம் "ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போயிருக்கலாமே" என்று எழுதப் போகிறீர்கள், அதனால் முந்திக்கொள்கிறேன். நான் கூட்டித்தான் போனேன். பழைய டிராவலர் வேன், மஞ்சள் போர்டு, பழைய வண்டி விற்கிற ஒரு கன்சல்டிங்கில் நின்றது. தெரிந்தவர் மூலம் கிடைத்த மெக்கானிக், ஐந்நூறு ரூபாய் பேசி அழைத்துப் போனேன். அவர் டிரைவர் சீட்டில் ஏறினார், சாவியைப் போட்டார், திருப்புவதற்கு முன்னால் டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு ஏதோ ஒரு வயரை இரண்டு தட்டுத் தட்டினார். அப்புறம்தான் செல்ஃப் எடுத்தது. அந்த வயரைத் தட்ட வேண்டும் என்று அங்கே யாரும் அவரிடம் சொல்லவில்லை!

எனக்கு அந்த நேரம் ஒன்றும் தோன்றவில்லை. "தங்கமான வண்டி சார், கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு இரவு இரண்டு மணிக்கு அந்தக் கை ஞாபகம் வந்தது.

வவுனியா வான்காரன்:
எங்கட பக்கத்துக் கதை கொஞ்சம் வேற மாதிரி. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு இருக்கிற பழசுகளுக்கு வந்த விலை உங்களுக்குச் சொன்னாலும் நம்பமாட்டீங்கள். 2025 பெப்ரவரியில திரும்ப விட்டவங்கள், நான் அதுவரைக்கும் பொறுக்கேல்லை. டொயோட்டா டொல்பின் ஹயஸ் வான், 3எல் டீசல் இஞ்சின். "ரைமிங் பெல்ற் போன வருசம் மாத்தினது" எண்டு சொன்னார், கவருக்கு மேல ஸ்ரிக்கரும் ஒட்டியிருந்தது, திகதியோட, கிலோமீற்றரோட. ஸ்ரிக்கர் புதுசு. ஆனா கவரைப் பிடிச்சிருக்கிற நட்டுகள் எல்லாத்திலயும் எண்ணெயும் மண்ணும் இறுகிப்போய்க் கிடந்தது, நட்டுக் கழட்டுற சாவி பட்ட அடையாளம்கூட இல்லை. அதை நான் விரலால தடவியும் பார்த்தனான். தடவிப்போட்டுக் கையைத் துடைச்சுக்கொண்டு காசை எண்ணினன்.

முறிகண்டியில வழமைபோலப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சு, கச்சானும் வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டனாங்கள். ரெண்டு கட்டை தூரம் போகேல்லை, பெல்ற் அறுந்திட்டுது. வால்வெல்லாம் வளைஞ்சு போச்சுது. மனுசி இண்டைக்கும் கேக்கிறா, பிள்ளையார் காப்பாத்தேல்லையோ எண்டு. அவர் விரலில காட்டினவர்தானே எண்டு நான் சொல்லுறேல்லை.

செல்ஃப் மோட்டார்:
பவானிக்காரரே, கோபித்துக்கொள்ளாதீர்கள், தரை கழுவியிருந்தது ஒரு ஆதாரமா? பதினஞ்சு வருசத்து ஆம்னியில் ஆயில் கசியாத வண்டி எனக்கு ஒன்று காட்டுங்கள். தப்பு தரையில் இல்லை, சூடான வண்டியைப் பார்த்ததில் இருக்கிறது. நேரம் சொல்லாமல் போக வேண்டும், சொன்னாலும் ஒரு மணி நேரம் முன்னாடி போய் நிற்க வேண்டும், முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் "சாயந்திரம் வரேன்" என்று கிளம்பிவிடலாம். ஆறின வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், தண்ணியில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான். ஆயில் மூடிக்கு அடியில் காப்பி நுரை மாதிரி அப்பியிருந்தாலும் சந்தேகம்தான், ஆனால் தெருவுக்குள்ளேயே ஓடுகிற வண்டியில் ஈரத்தால் கொஞ்சம் வரும், அதை வைத்து மட்டும் முடிவு பண்ணக்கூடாது. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிசம் சும்மா ஓடவிட்டு ஒரே மிதியாக மிதியுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, கறுப்பு வந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, வெள்ளைப் புகை சூடேறின பிறகும் நிற்காமல் வந்தால் தண்ணி உள்ளே இறங்குகிறது. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே காட்டுங்கள், குபுகுபுவென்று அடித்தால் பேக் கம்ப்ரஷன், ரிங்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். கிளட்சுக்கு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து மூணாவது கியரில் மெதுவாகக் கிளட்சை விடுங்கள், வண்டி அணைந்தால் நல்லது, அணையாமல் இன்ஜின் பாட்டுக்கு ஓடினால் பிளேட் தேய்ந்துவிட்டது. ஐம்பதில் போகும்போது காலை எடுத்தால் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள், அது கிரவுன், பின் அச்சில் இருக்கிற பல்சக்கரம். டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2318 என்றால் 2018-இல் 23-வது வாரம் செய்தது. மீட்டர் நாற்பதாயிரம் காட்டி, பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் எதை நம்புவது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள். ஒரு காந்தம் கொண்டு போய்க் கதவின் அடிப்பக்கமும் பின் சக்கர வளைவும் ஒட்டிப் பாருங்கள், ஒட்டாத இடமெல்லாம் துருவை மறைக்கப் பூசின பட்டி.

என் அனுபவமா? நான் பார்த்த ஆம்னியில் டிரைவர் காலுக்குக் கீழே இருந்த ரப்பர் மேட்டைத் தூக்கினேன், ரோடு தெரிந்தது. மேட்டைத் திரும்பப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பவானிக்காரன்:
செல்ஃப் மோட்டார் சார், இவ்வளவு தெரிந்திருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன். கசியாத வண்டி இல்லைதான், ஆனால் கசிகிறதை யாரும் சோப்புப் போட்டு மறைப்பதில்லை.

அடையாறு கரை:
எல்லாரும் இன்ஜினையே பேசுகிறீர்கள். 2016 கோடையில் ஒரு ஈகோ பார்க்கப் போனேன், 2013 மாடல், விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவிலேயே இடுப்பளவுத் தண்ணி நின்றது, அதனால் எனக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. வண்டி உள்ளே புது சீட் கவர், புது மேட், ஊதுபத்தி வாசனை. கேட்டதற்கு "எங்க ஏரியாவில தண்ணியே வரல சார்" என்றார். நடு சீட்டின் பெல்ட்டைப் பிடித்து முழுவதுமாக இழுத்தேன். முதல் இரண்டு அடி கறுப்பாகச் சுத்தமாக வந்தது. அதற்குப் பிறகு வந்த பட்டையில் காய்ந்த சேறு, கோடு போட்ட மாதிரி. அவரும் பார்த்தார். நான் பெல்ட்டை விட்டேன், அது சர்ரென்று உள்ளே போய்விட்டது. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, "யோசிச்சுச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறு. அடுத்த வாரம் அதே வண்டி, ஒரு பிளே ஸ்கூல் வாசலில், உள்ளே குழந்தைகள். சீட்டுக்கு அடியில் வயர் எல்லாம் எந்தக் கதியில் இருந்ததோ. போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பழைய ஆர்.சி.:
வண்டியை விடுங்கள், பேப்பரை யாராவது பார்த்தீர்களா? சொந்த வண்டிக்கு ஆர்.சி. என்கிற பதிவுச் சான்று பதினைந்து வருடம்தான், அப்புறம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணத்தைக் காருக்கு 600-லிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள், பசுமை வரி தனி. மஞ்சள் போர்டு என்றால் எட்டு வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டாலே வண்டி மேல் லோன் டியூ இருக்கிறதா, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்று தெரிந்துவிடும். டியூ முடிந்தது என்று வாயால் சொன்னால் போதாது, கடன் பாக்கி இல்லை என்கிற பேங்க் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கையில் வர வேண்டும். பெயர் மாற்றுகிற படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். டெல்லி வண்டி சல்லிசாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள், அங்கே பத்து வருடம் தாண்டின டீசலுக்குக் கெடுபிடி என்பதால்தான் தள்ளிவிடுகிறார்கள், இங்கே வந்து வரி கட்டும்போது அந்தச் சல்லிசு காணாமல் போய்விடும். சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எனக்கு என்ன ஆனது என்றால், பழைய ஓனர் ஹெல்மெட் போடாமல் போன மாதிரி ஒரு ஃபைன், என் வேன் நம்பருக்கு. வேனுக்கு ஹெல்மெட்! அதை ரத்து பண்ண அலைந்த கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நாலாவது கியர்:
வவுனியா அண்ணே, விரலால் தடவினதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

பவானிக்காரன்:
கடைசியாக ஒன்று. மாமனார் சமையலை விட்டுவிட்டார், வண்டியை விற்கப் போட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காலை ஒருவர் பார்க்க வருகிறார். ஆயில் சீல் மறுபடியும் லேசாகச் சொட்டுகிறது. வாசல் தெளிக்கும்போது வண்டிக்கு அடியிலும் நாலு வாளி ஊற்றிவிடட்டுமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

அந்தியூர் சந்தை:
என்ன விலைங்க சொல்றீங்க? எனக்கும் ஒரு ஆம்னி வேணும், பவானி எனக்குப் பக்கந்தான். சனிக்கிழமையே வந்துடட்டுமா?