தோப்புக்கு மினி டிராக்டர்: வச்சிருக்கறவங்க சொல்லுங்க

ஆனைமலை, 4 ஏக்கர் தென்னை

"மினி டிராக்டர் எடுக்கலாமாங்க?"ன்னு அக்கம்பக்கத்துத் தோப்புக்காரங்க கேட்டுட்டே இருக்காங்க. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிடறேன். என்கிட்ட இருக்கறது 24 எச்.பி., ஃபோர் வீல் டிரைவ். மரம் 25 அடிக்கு 25 அடி வச்சது, இடையில கோகோவும் ஜாதிக்காயும் நிக்குது. பெரிய வண்டி உள்ளே வந்தா கோகோக் கிளை நாலு முறியாம வெளியே போகாது. இது அலுங்காம நுழைஞ்சு திரும்பிடும்.

ஆனா வண்டி விலையை மட்டும் பேசி முடிச்சுட்டு ஷோரூமை விட்டு வந்துடாதீங்க. பின்னாடி என்ன மாட்டப் போறீங்கங்கறதுலதான் பாதிக் காசு இருக்கு. எல்லாரும் மொதல்ல ரோட்டவேட்டர், அதான் கத்தி சுத்தி மண்ணைக் கிளறற கருவி, எடுப்பாங்க. எனக்கு அது மழை நின்னு களை ஏறினப்புறம் கொஞ்ச நாளைக்குத்தான் வேலை. அன்னாடம் ஓடறது டிரெய்லர். எரு, காய், மாட்டுத்தீவனம், மோட்டார் கழட்டினா பைப்பு, பங்காளி வீட்டு விசேஷம்னா பாத்திரம் பண்டம் எல்லாம் அதுலதான் போகுது. ஹைட்ராலிக்ல தூக்கிக் கொட்டற டிப்பரா எடுங்க. ஒரு லோடு சாணியை மம்பட்டி போட்டு இறக்கினவன் அந்த அதிகக் காசுக்கு மூக்கால அழ மாட்டான்.

அடுத்தது மட்டை அரைக்கற மெஷின். ஒரு மரம் வருஷத்துக்குப் பன்னெண்டு மட்டையாவது தள்ளும். ஏக்கருக்கு 70 மரம்னா நாலு ஏக்கருக்கு மூவாயிரத்துக்கு மேல வருது. முன்னெல்லாம் குவிச்சுக் கொளுத்துவோம். இப்போ பி.டி.ஓ.வை (வண்டிக்குப் பின்னாடி கருவியைச் சுத்த வைக்கற தண்டு) நிமிஷத்துக்கு 540 சுத்துல வச்சு அரைச்சு வட்டப்பாத்தியிலேயே பரப்பிடறோம். சித்திரை வெயில்லயும் அதைக் கிளறிப் பார்த்தா அடியில ஈரம் கையில ஒட்டுது. மட்டையோட அடித்தண்டை முதல்ல கொடுங்க, தோகைப் பக்கம் கொடுத்தா ஓலை சுத்திக்கும்.

ரோட்டவேட்டர் ஓட்டறவங்களுக்கு ரெண்டு விஷயம். மரத்துல இருந்து ஆறடிக்குள்ள போகாதீங்க, உறிஞ்சற வேர் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்ளதான் இருக்கு. சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டி ஓரம் வைக்காம இறங்காதீங்க. கத்திக்கு நடுவுல குழாய் சுத்தி இறுகிடுச்சுன்னா கையால பிரிக்க முடியாது, அருவாள் முனையில துண்டு துண்டா அறுத்துத்தான் எடுக்கணும். அதுக்குக் குனியறதுக்கு முந்தி எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பாக்கெட்டுல போட்டுக்குங்க.

ஒரத்தநாடு, ஒன்றரை ஏக்கர்

நான் மாற்றுக் கட்சி. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு எங்க தோப்பு மொத்தமும் சாஞ்சு போச்சு. மறுபடி கன்னு வைக்கிறப்ப மினி டிராக்டர் வாங்கிடலாம்னு தம்பி ஒத்தக்கால்ல நின்னான். விழுந்த மரத்தை இழுக்குற சக்தி அதுக்குக் கிடையாது. தென்னைக்கு மூணுக்கு மூணு, மூணடி ஆழம் குழி வேணும். இதுல மாட்டுற துளைப்பான் வேலிக்கல் நடவும் கொய்யாக்கன்னு வைக்கவும் சரி, தென்னங்குழிக்கு ஜே.சி.பி.தான். உழவுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையிலயே மணிக்கணக்கில வாடகைக்குக் கிடைக்குது, இ-வாடகை செயலியில பதிஞ்சா போதும். என்ன, நமக்கு ஈரப்பதம் சரியா இருக்குற அன்னைக்கு ஊருக்கே சரியா இருக்கும், அப்ப வரிசையில காத்துக்கிடக்கணும். ஒன்றரை ஏக்கருக்கு அந்தக் காத்திருப்பு பரவாயில்லை, வட்டி கட்டுறது கஷ்டம்.

சின்னமனூர்

எங்க வீட்டு வண்டியை நான்தான் ஓட்டுறேன், அவருக்கு இடுப்பு வலி. மானியத்துக்குப் போறவங்க பெண்கள் பேர்ல விண்ணப்பிங்க. பெண்களுக்கும் சிறு, குறு விவசாயிகளுக்கும் 50 சதவீதம், மத்தவங்களுக்கு 40. எவ்வளவு வரைக்கும்னு உச்சவரம்பு இருக்கு, அதனால ஷோரூம்காரர் சொல்ற விலையில பாதின்னு மனக்கணக்குப் போடாதீங்க. பட்டா, சிறு குறு விவசாயி சான்று ரெண்டையும் முன்னாடியே வாங்கி வச்சுக்கிட்டா அலைச்சல் மிச்சம்.

யாரும் சொல்லாத ஒண்ணு: புதுசா வாங்குற கருவியோட வர்ற பி.டி.ஓ. ஷாஃப்ட் நீளம் நம்ம வண்டிக்குப் பொருந்தணும்னு இல்ல. எங்களுக்கு வந்தது நீளமா இருந்துச்சு. கருவியை மேல தூக்கினதும் உள்குழாய் முட்டி நின்னுருச்சு. அப்படியே ஓட்டினா கியர்பாக்ஸ் பேரிங் போயிரும். வெளிக்குழாய், உள்குழாய், மேல மூடுற பிளாஸ்டிக் உறை மூணையும் ஒரே அளவு அறுத்து, பிசிறு ராவி, கிரீஸ் வச்சு மாட்டினோம். அந்த உறையைக் கழட்டி எறியிற ஆளுக ரொம்பப் பேரு. சேலை முந்தி, வேட்டி, தோள்ல துண்டு எது சிக்கினாலும் ஆளை இழுத்துட்டுப் போயிரும். நான் சுடிதார் மேல சட்டை போட்டு, துப்பட்டாவை வீட்டுலயே வச்சிட்டுத்தான் ஏறுவேன். மட்கார்டுல பிள்ளைகளை உட்கார வைக்கிறதும் கிடையாது, எவ்வளவு அழுதாலும் சரி.

யாழ்ப்பாணம், கோப்பாய்

எங்கட பக்கம் வளவு வேலைக்கு லான்ட்மாஸ்டர்தான், கையால பிடிச்சு நடந்து ஓட்டுற இரண்டு சக்கர உழவு மெஷின். பெட்டியைக் கொழுவினால் எரு, விறகு, தண்ணித் தாங்கி, திருவிழாவுக்குச் சனம் எல்லாம் ஏறும். வெங்காயத் தோட்டத்துக்கு மண் புரட்டவும் அதுவே காணும். நாள் முழுக்கப் பிடிச்சு நடந்தால் தோள்மூட்டு கழன்றுபோகும், அதுதான் ஒரு குறை. நாலு சக்கரம் எடுத்தால் எங்கட ஒழுங்கைக்குள்ள திருப்பேலாது.

ஒட்டன்சத்திரம்

டிப்பர்ல எரு ஏத்தி மேட்டுல ஏறும்போது முன்சக்கரம் லேசா தூக்குதே, அது சகஜமா?

ஆனைமலை

சகஜம்தான்னு விட்டுடாதீங்க. முன் பம்பர்ல மாட்டற இரும்பு வெயிட் வாங்கிப் போடுங்க. லோடை டிரெய்லர்ல பின்பக்கமா குவிக்காதீங்க, கொக்கிப் பக்கமும் குவிக்காதீங்க, அச்சு மேல நடுவுல நிக்கணும். வரப்பு ஏறும்போது குறுக்கால போகாம நேரா, லோ கியர்ல. தூக்கற மாதிரி தெரிஞ்சா உடனே கிளட்சை மிதிச்சு, பின்னாடி உருள விடாம பிரேக் போட்டு நிறுத்திப் பாதி எருவை அங்கேயே இறக்கிடுங்க.